வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை

கேரளத்தில் ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும்போது, பொதுப் பட்டியலை அடுத்துத் தனியாக ஒரு வரி இருக்கும். காது கேளாத மாணவர்களுக்கான எஸ்.எஸ்.எல்.சி. முடிவு அது. எழுதியவர்கள் சில நூறு பேர். தேர்ச்சி பெரும்பாலும் நூற்றுக்கு நூறை ஒட்டியே இருக்கும். அந்த வரியை மட்டும் பார்த்தால், இந்தப் பிள்ளைகளின் படிப்பில் கேரளத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றே தோன்றும். ஆனால் அது சொல்வது பள்ளிக்குள் நடந்ததை. சின்ன வயதில் விடுதியில் சேர்ந்து பதினாறு வயதில் சான்றிதழோடு ஊர் திரும்பும் பிள்ளையும் அதன் பெற்றோரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள், மேற்கொண்டு என்ன படிப்பது என்று கலந்து பேச அவர்களால் முடிகிறதா என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. காது கேளாத பதின்வயதினரின் கல்வியில் இன்று பெரிய ஓட்டை இருப்பது அங்கேதான். அதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. பள்ளிவாசல் போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

மூணாறுக்கும் அடிமாலிக்கும் நடுவில், கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை ஒட்டிய தேயிலைச் சரிவுகளில் இருக்கிறது பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் ஓடத் தொடங்கியது இங்கேதான் என்பது பாடப்புத்தகப் பெருமை. தோட்டத்து லயங்களில் குடியிருப்போரில் பெரும்பாலோர் தமிழர்கள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து மலையேறியவர்களின் பேரன் பேத்திகள். வீட்டில் பேச்சு தமிழ். காது கேட்கும் பிள்ளைக்கு மூணாறு வட்டாரத்திலேயே தமிழ்வழிப் பள்ளி உண்டு. அதே வீட்டில் காது கேளாமல் பிறந்த பிள்ளை பெயர்பெற்ற சிறப்புப் பள்ளியில் படிக்க வேண்டுமென்றால் மலையிறங்க வேண்டும். காலடிக்குப் பக்கத்தில் மாணிக்கமங்கலத்தில் இருக்கும் செயின்ட் கிளேர் பள்ளிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர்; நீர்ப்பாறையில் உள்ள அசீசி பள்ளி அதைவிடத் தூரம். கேரளத்துச் சிறப்புப் பள்ளியில் பலகையில் எழுதுவது மலையாளம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழக்குவதும் மலையாளம். விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது சைகை மொழி. ஆக, தமிழ் வீட்டுப் பிள்ளை சைகையில் யோசிக்கவும் மலையாளத்தில் எழுதவும் கற்றுக்கொண்டு திரும்புகிறது. அம்மா பேசுவது தமிழ். எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் அதுவும் தமிழ்தான்.

கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த மொழிக் கலப்பு ஒரு பொருட்டே இல்லை. மூணாறு கடைத்தெருவில் வளரும் பையன் மளிகைக் கடையில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக, யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டையும் பிடித்துக்கொள்கிறான். காது கேளாத பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியும் கண் வழியாக, ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லித்தந்துதான் ஏற வேண்டும். செல்பேசி வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து வரும் செய்தி ஒன்று குரல் பதிவாக இருக்கும். அல்லது ஆங்கில எழுத்தில் அடித்த தமிழாக இருக்கும். ‘எப்ப வர்றே’ என்பதை ஆங்கில எழுத்தில் பார்க்கும் நாம் அதை மனத்துக்குள் ஒலித்துப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். தமிழின் ஒலியையே அறியாத பிள்ளைக்கு அது பொருளில்லாத எழுத்துக் கோவை. இதில் அக்காவின் பாசத்திலோ அப்பாவின் அக்கறையிலோ குறையொன்றும் இல்லை. பாசம் போய்ச் சேர வழியில்லை, அவ்வளவுதான்.

உலகின் வேறு மூலைகளில் கிடைத்த சான்றுகளும் இந்த இடத்தையே சுட்டுகின்றன. அமெரிக்கக் கணக்குகளின்படி, காது கேளாத பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அதாவது, பிள்ளையின் இயல்பான மொழி பெற்றோருக்கு அந்நிய மொழி. 2000ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் மேரி பாட் மோல்லர் வெளியிட்ட ஆய்வு 112 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. ஐந்து வயதில் அவர்களிடமிருந்த சொல்வளத்தைத் தீர்மானித்தவற்றில் முன்னே நின்றவை இரண்டு: எவ்வளவு சீக்கிரம் பயிற்சியில் சேர்ந்தார்கள் என்பது ஒன்று, குடும்பம் எவ்வளவு ஈடுபட்டது என்பது மற்றொன்று. தாமதமாகச் சேர்ந்து குடும்பமும் ஒதுங்கி நின்ற பிள்ளைகள்தான் மிகவும் பின்தங்கினார்கள். அதே ஆண்டில் ரோஸ்மேரி கால்டெரான் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. பெற்றோர் பள்ளி நடவடிக்கைகளில் பங்கெடுப்பது பிள்ளையின் படிப்புக்கு உதவத்தான் செய்கிறது. ஆனால் தாய் தன் பிள்ளையோடு எவ்வளவு தேர்ச்சியாகத் தொடர்பு கொள்கிறாள் என்பது அதைவிடக் கனமானது என்றார் அவர். பள்ளிக் கூட்டத்துக்கு ஒன்று விடாமல் போகிற, ஆனால் பிள்ளையோடு நாலு வாக்கியம் பேச முடியாத தாயைவிட, கூட்டத்துக்கே வராமல் வீட்டில் பிள்ளையோடு ஊர்க்கதை பேசுகிற தாய் அந்தப் பிள்ளையின் கல்விக்கு அதிகம் செய்கிறாள் என்று இதை விரித்துப் படிக்கலாம்.

இவை சிறுபிள்ளைகளைப் பற்றியவை, பதின்வயதினருக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்க அரசு 2000–01இல் தொடங்கிய ஒரு நெடுங்கால ஆய்வு, சிறப்புக் கல்வி பெறும் 13 முதல் 16 வயது மாணவர்களைப் பத்தாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் பின்தொடர்ந்தது. அதில் இருந்த காது கேளாத மாணவர்களின் தரவுகளைப் பின்னர் அலசியவர்கள், ‘என் பிள்ளை மேற்படிப்புக்குப் போகும், வேலைக்குப் போகும்’ என்ற பெற்றோரின் எதிர்பார்ப்புக்கும் பிள்ளைகள் பிற்பாடு அடைந்த இடத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் பெற்றோர் அதிகம் எதிர்பார்ப்பது இயல்புதானே, இதில் எது காரணம், எது விளைவு என்று கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். அந்தச் சந்தேகத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. பிள்ளைக்கு என்ன தெரியும், அதன் ஆசை என்ன என்று கேட்டறிய மொழியில்லாத பெற்றோர் எதை வைத்து எதிர்பார்ப்பார்கள்? திருவனந்தபுரத்தில் 1997இல் தொடங்கிய ‘நிஷ்’ நிறுவனத்தில் காது கேளாதோருக்கென்றே பட்டப்படிப்புகள் நடக்கின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்குமாக நூற்றுக்கு ஒன்று ஒதுக்கச் சொல்கிறது. இவை தெரியாத வீட்டில், தோட்டத்தில் தினக்கூலியாகப் பேர் பதிந்துகொள்வதே பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முடிவாகத் தெரியும். பதின்வயது என்பது படிப்பைப் பற்றியது மட்டுமல்ல. உடம்பில் நேரும் மாற்றம், காதல், கையில் வரும் காசு, யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்பதையெல்லாம் கேட்கும் பிள்ளைகள் பாதி காதில் விழுந்தே தெரிந்துகொள்கிறார்கள். அடுப்படியில் அம்மாவும் சித்தியும் பேசுவது, அப்பா போனில் யாரோடோ சண்டை போடுவது என்று. காது கேளாத பிள்ளைக்கு அந்தப் பாடசாலை மூடிக்கிடக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும்போது மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வரவழைக்க 2012ஆம் ஆண்டு போக்ஸோ சட்டம் இடம் தருகிறது. வழக்கு அங்கே போக வேண்டுமானால் பிள்ளை முதலில் வீட்டில் சொல்ல முடிய வேண்டும்.

இப்போது, குடும்பத்தின் பங்கு என்று நம் சட்டங்களும் பள்ளிகளும் எதைக் கருதுகின்றன என்று பார்ப்போம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய இடம் தர வேண்டும். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் அந்தப் பிரிவில் அடக்கம். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையில், கூட்டம் வேலை நாளில், மலையடிவாரத்தில், மலையாளத்தில் நடந்தால், கொழுந்து பறிக்கும் தாய் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, பாதி புரிந்தும் புரியாமலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவாள். அந்தக் கையெழுத்தைத்தான் பங்கேற்பு என்று கணக்கில் எழுதுகிறோம். தோட்டங்களுக்கென்றே 1951இல் வந்த தொழிலாளர் சட்டமும் கல்வி வசதியைப் பேசியது ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத்தான். பதின்மூன்று வயதானவர்களைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இருக்கவில்லை.

படிப்பறிவு குறைந்த தோட்டத் தொழிலாளர்களிடம் போய்ச் சைகை மொழி கற்றுக்கொள்ளச் சொன்னால் நடக்குமா என்ற கேள்வி, எஸ்டேட்டுகளைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி. 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் இதே தோட்டத்துப் பெண்கள்தான். 20 சதவீத போனஸ் கேட்டு, அப்போதிருந்த 232 ரூபாய் நாள்கூலியை உயர்த்தக் கேட்டு, கம்பெனியை மட்டுமல்லாமல் தங்கள் பேரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பெண்கள் ஒற்றுமை’ என்று தாங்களாகவே அணி சேர்ந்து வென்றார்கள். கூலி பிறகு 301 ஆனது. அவர்களுக்குப் புரியாது என்று சொல்வதற்கு முன் அந்த நாட்களை நினைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் இல்லாதது அறிவல்ல, நேரம். விடிந்ததும் மஸ்டருக்கு (வருகைப் பதிவுக்கு)ப் போய், இலை நிறுத்துப் போட்டு, வீட்டு வேலையும் முடித்தவளிடம் மலையிறங்கி வா என்பது அநியாயம். வகுப்பு அவளிடம் வர வேண்டும்.

எந்த மொழியில் வர வேண்டும் என்பதில்தான் பள்ளிவாசலின் நிலைமை வியப்பான ஒரு விடையைத் தருகிறது. தாய்க்கு மலையாள எழுத்தைக் கற்றுத்தரலாம்; பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுத்தரலாம். இரண்டுமே நல்லவை, இரண்டுக்கும் வருடங்கள் பிடிக்கும், கடைசியில் கிடைப்பதும் எழுதிக்காட்டும் பேச்சுதான். இந்தியச் சைகை மொழிக்கு மாநில எல்லை இல்லை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர் சைகைகளை 1970களில் ஒப்பிட்டுப் பார்த்த மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வர்டு குழுவும், அவர்களுக்குப் பின் உல்ரிகே செஷானும் ஊருக்கு ஊர் சொற்கள் மாறினாலும் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே என்று காட்டினார்கள். காலடியில் படித்த பிள்ளையும் பாளையங்கோட்டையில் படித்த பிள்ளையும் சந்தித்தால் கொஞ்ச நேரத்தில் பேசிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். கேட்கும் மலையாளியும் தமிழரும் தடுமாறுகிற இடத்தில் அவர்களுக்கு அவ்வளவு தடுமாற்றம் இல்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் பாலக்காட்டு எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். பிள்ளையைப் பாலக்காட்டில் சேர்ப்பதா, எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் சேர்ப்பதா, அதாவது மலையாளத்திலா தமிழிலா என்று அவர்கள் குழம்புகிறார்கள். எங்கே சேர்த்தாலும் விடுதியில் பிள்ளை கற்கப்போகும் மொழி ஒன்றுதான். அதைப் பெற்றோர் கற்றுக்கொண்டால் பேச்சுக்கான பாலம் அன்றே கிடைத்துவிடுகிறது. எழுத்து மொழி பற்றிய தர்க்கத்தைப் பிறகு நிதானமாக நடத்திக்கொள்ளலாம்.

சைகை கற்றுக்கொடுத்தால் பிள்ளை வாயைத் திறக்காது என்ற அச்சம் பழையது. நல்ல ஆசிரியர்களிடமும் உண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கிப் பேச்சு முறையையே முன்னிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பம்பாயில் இந்தியாவின் முதல் காது கேளாதோர் பள்ளி 1885இல் திறந்தது அந்தக் காற்று உலகம் முழுக்க வீசிய காலத்தில். 2010இல் அதே மாநாட்டுத் தொடர் வான்கூவரில் கூடியபோது மிலான் தீர்மானங்களை நிராகரித்தது. இடையில் போனது 130 ஆண்டுகள். பேச்சு முறை வீண் என்று சொல்ல நான் வரவில்லை. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா பேச்சு முறையில்தான் பயிற்சி தருகிறது. அங்கே கிடைக்கும் வெற்றிக்கு முறை எவ்வளவு காரணமோ, தாயும் பிள்ளையோடு வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற விதி அதைவிடக் குறையாத காரணம் என்பது என் எண்ணம். அந்த விதி மழலைப் பருவத்தோடு நின்றுபோகிறது. ஆறாம் வகுப்பில், ஒன்பதாம் வகுப்பில் பெற்றோரை அப்படி உட்காரவைக்கும் பள்ளி எங்கே இருக்கிறது? பேச்சு முறையில் தேறாமல் போன பதினான்கு வயதுப் பிள்ளையிடம், இன்னும் கொஞ்சம் முயன்று பார் என்று சொல்லி வீட்டில் சைகையை மறுப்பது, இருக்கிற ஒரு வாசலையும் அடைப்பதாகும்.

அறுவைச் சிகிச்சையில் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பார்கள். கேரள அரசு 2012இல் தொடங்கிய ‘ஸ்ருதிதரங்கம்’ திட்டம் ஏழைக் குடும்பங்களின் சிறுபிள்ளைகளுக்கு இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்துவைக்கிறது. பாராட்ட வேண்டிய திட்டம். அது சின்னஞ்சிறு வயதில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு. வயது தாண்டியபின் தெரியவந்தவர்களும் கருவி பொருத்தியும் எதிர்பார்த்த பலன் கிட்டாதவர்களும் இன்று பதின்வயதில் இருக்கிறார்கள். கருவி பலித்த வீட்டிலும் குடும்பத்தின் வேலை குறைவதில்லை. அடிக்கடி நகரத்துக்குப் போய்க் கருவியைச் சீராக்கி வர வேண்டும், பேச்சுப் பயிற்சியைத் தினமும் தொடர வேண்டும், வெளிப்புறப் பகுதி பழுதானால் மாற்றப் பணம் தேட வேண்டும். மாதக்கணக்கில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில் ஈரத்திலிருந்து கருவியைக் காப்பதே தனி வேலை.

இவற்றையெல்லாம்விடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. அது காது கேளாத பெரியவர்களிடமிருந்தே வருகிறது: எங்களை ஆளாக்கியது விடுதிதான், மொழி அங்கேதான் கிடைத்தது, நண்பர்களும் அங்கேதான், வீடு எங்களுக்கு அமைதியான இடமாக இருந்ததே தவிர, பேசும் இடமாக இருந்ததில்லை, பதினாறு வயதில் குடும்பத்தை உள்ளே இழுத்தால் அது எங்கள் சுதந்திரத்தில் தலையிடும். இதை அலட்சியம் செய்யக் கூடாது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரி ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய பள்ளி முதல் இன்றுவரை, காது கேளாதோர் சமூகம் என்ற ஒன்று உருவானதே விடுதிகளில்தான். காது கேட்கும் பெற்றோர் பிள்ளைக்காக முடிவெடுத்துவிடுவார்கள் என்ற பயமும் பொய்யல்ல. பெண்பிள்ளையின் கல்யாணம் அவளிடம் கேட்காமலே நிச்சயமாவது இதற்கு உதாரணம். ஆனால் அவளிடம் கேட்க மொழி இல்லாததும் அதற்கு ஒரு காரணம்தானே. பேச முடியாத பெற்றோர் ஒதுங்கிப் போவதில்லை, பேசாமலே முடிவெடுக்கிறார்கள். எதிர்த்துச் சொல்லப் பிள்ளைக்கு வீட்டில் மொழி கிடைத்தால்தான் சுதந்திரத்துக்குப் பொருள் உண்டு. விடுதியை மூடு என்று யாரும் கேட்கவில்லை. விடுதியில் பிறக்கும் மொழி லயம் வரைக்கும் வர வேண்டும் என்பதே கோரிக்கை.

பதினான்கு வயதில் தொடங்குவது தாமதம் இல்லையா? ஒரு பொருளில், ஆம். நிகராகுவாவில் 1970களின் கடைசியில் மனாகுவாவில் சிறப்புப் பள்ளிகள் திறந்தபோது, வீட்டுச் சைகைகளோடு தனித்தனியே வளர்ந்த பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து, ஆசிரியர்களுக்கே தெரியாத புது மொழியை உண்டாக்கினார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டது, சின்ன வயதில் சேர்ந்தவர்களின் சைகை, வளர்ந்தபின் சேர்ந்தவர்களுடையதைவிடச் செழுமையாக இருந்தது என்பது. முதல் மொழிக்குக் காலக்கெடு உண்டு. பள்ளிவாசல் பிள்ளைக்கு அந்த முதல் மொழி விடுதியில் கிடைத்துவிட்டது. இப்போது கற்க வேண்டியவர்கள் பெற்றோர். நாற்பது வயதில் இரண்டாவது மொழி கற்க எந்தக் கெடுவும் இல்லை. திருத்தமாக வராது, வர வேண்டியதுமில்லை. முந்நூறு நானூறு சைகைகளோடு தப்பும் தவறுமாகப் பேசுகிற அம்மாவைப் பிள்ளையே திருத்தும்.

செய்ய வேண்டியது என்ன? 2016 சட்டத்தின் 47ஆம் பிரிவு குடும்பத்தினருக்கும் பயிற்சி தருவதை அரசின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை சைகை மொழியை நாடு முழுவதும் சீர்ப்படுத்துவதாகச் சொல்கிறது. டெல்லியில் 2015இல் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2021இல் 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை முடித்தது. யாரும் செல்பேசியில் பார்க்கலாம். அகராதி மட்டும் யாரையும் பேசவைத்துவிடாது. எதிரே ஓர் ஆள் வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காது கேளாத பெரியவர்களையே வீட்டுக்கு வீடு அனுப்பிக் குடும்பங்களுக்குச் சைகை கற்றுத்தரவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மொழியில் கூடுதலாக முன்னேறியதை 1998இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அப்படிப்பட்ட ஆட்கள் இந்த மலையிலும் இருப்பார்கள்: சிறப்புப் பள்ளியில் படித்து முடித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் ஊரில் இருப்பவர்கள். அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து அமர்த்த, கிராமப் பஞ்சாயத்தின் திட்ட நிதியில் மாற்றுத்திறனாளிகளுக்கென உள்ள ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கலாம். இடம் தேட வேண்டியதில்லை. 1998இல் பிறந்த குடும்பஸ்ரீ மகளிர் இயக்கத்தின் அயல்கூட்டம் பெண்களை அவர்கள் வாசலிலேயே கூட்டுகிறது; சேமிப்புக் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் சைகை வகுப்பு நடக்கலாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் கட்டாயம் உட்காரவைக்க வேண்டும். பெற்றோரைவிட அவர்கள் வேகமாகக் கற்பார்கள், பெற்றோரின் காலத்துக்குப் பிறகும் உடனிருப்பார்கள்.

பள்ளிகளிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. தமிழ் வீட்டுப் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கை தமிழில் போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு பெற்றோர் கூட்டமாவது மலைக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமையில் நடக்கட்டும். விடுதியில் வாரம் ஒருமுறை வீடியோ அழைப்புக்கு நேரம் ஒதுக்கட்டும். இருபது வருடத்துக்கு முன் விடுதிப் பிள்ளைக்குத் தொலைபேசி இருந்தும் பயனில்லை, இன்று சைகை தெரிந்த வீட்டுக்கு அந்தத் திரை போதும். கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரலும் மே மாதமும் விடுமுறை. விடுதி காலியாகி, பிள்ளைகள் லயத்தில் இருக்கும் நேரம் அது. வீட்டாருக்கான முதல் வகுப்பை, பிள்ளைகளையே துணை ஆசிரியர்களாக வைத்து, அந்த இரண்டு மாதங்களில் தொடங்கலாம். ஜூன் முதல் வாரத்தில் பிள்ளை திரும்ப பஸ் ஏறும்போது, அடுத்த வருடம் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்பதைப் பற்றி வீட்டில் ஒருமுறையாவது சண்டை நடந்திருக்கும்.